மழை 4.7, ஏரி 7: நடுவில் அமிலம் எங்கே போகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் பகுதியில் மழைநீரைப் பிடித்து பி.எச். பார்த்தால் 4.7, 4.8 என்று வருகிறது, அதே மீட்டரை ஏரியில் விட்டால் 7ஐ ஒட்டி நிற்கிறது, சில வருடங்களாக அப்படியேதான் இருக்கிறது, ஆகவே காற்று மாசு மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கிறது என்பது மிகைப்படுத்தல்தானே? மேலோட்டமாகப் பார்த்தால் இது அமில மழை பற்றிய கேள்வி. ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது, மேலிருந்து விழும் அமிலம் ஏரிக்கு வந்து சேரவில்லை என்றால் நடுவில் அது எங்கே போனது என்பதுதான். நான் நீர் வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். தண்ணீரைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மண்ணைப் பற்றித் தெரிந்தது படித்தும் கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டும். மரங்களைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

அமிலத்தை மண் விழுங்கிவிட்டது. விழுங்குவதற்கு அது தன் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்தது. பி.எச். மீட்டர் அந்தக் கையிருப்பைக் காட்டாது, அது கிட்டத்தட்ட தீர்ந்த பிறகுதான் முள் அசையும்.

முதலில் மழை. சுத்தமான மழையின் பி.எச். 7 என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே 5.6 அளவுக்கு இறங்கிவிடும், கடலிலிருந்தும் எரிமலைகளிலிருந்தும் வரும் இயற்கையான கந்தகச் சேர்மங்களால் ஆளே இல்லாத தீவுகளில்கூட 5ஐ ஒட்டிய மழை பெய்வதுண்டு. அதனால் ஒருவர் 5.3 என்று அளந்துவிட்டு அமில மழை என்று சத்தம் போட்டால் நான் நம்ப மாட்டேன். உங்கள் 4.7 வேறு கதை. பி.எச்.சில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்று பொருள், ஆக 5.6க்கும் 4.7க்கும் இடையே கிட்டத்தட்ட எட்டு மடங்கு வித்தியாசம். நிலக்கரியும் கந்தகம் உள்ள எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு மேகத்துளிகளுக்குள் போய் ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகிறது, எஞ்சின்களிலிருந்தும் உலைகளிலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகின்றன. இது பாடப்புத்தகம். பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்லாதது, மழை பெய்யாத நாட்களிலும் வாயுவாகவும் நுண்துகளாகவும் இதே பொருட்கள் இலைகளிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்கின்றன என்பது. பல இடங்களில் மொத்தத்தில் பாதியை நெருங்கும் அளவு அப்படித்தான் இறங்குகிறது. மலைச்சரிவுகளில் மூடுபனித் துளிகள் மழையைவிடப் பல மடங்கு செறிவானவை. உங்கள் பாட்டிலில் பிடிபட்டது ஒரு பகுதிதான்.

இன்னொரு பக்கமும் ஏமாற்று உண்டு. காற்றில் சுண்ணாம்புத் தூசி நிறைய இருந்தால் அமிலம் மேலேயே சமனாகிவிடும். வட சீனாவில் புகைக்குக் குறைவில்லாத காலத்திலும் மழை அவ்வளவு அமிலமாக இல்லாததற்கும், தெற்கே செம்மண் பகுதியில் கடுமையாக இருந்ததற்கும் இந்தத் தூசி முக்கியமான காரணம். அம்மோனியா இன்னும் தந்திரமானது. சாணம், சிறுநீர், யூரியா இவற்றிலிருந்து கிளம்பும் அம்மோனியா காற்றில் இருக்கும் அமிலத்தைச் சமனாக்கி, மழையின் பி.எச்.சை நல்லபடியாகக் காட்டும். அப்புறம் அது அம்மோனியமாக மண்ணில் இறங்கும், அங்கே பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது ஒவ்வொரு அம்மோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியே வரும். மேலே சமனாக்கியதைவிடக் கீழே அதிகமாக அமிலமாக்கிவிடுகிறது. மழையின் பி.எச்.சை மட்டும் வைத்து மண்ணுக்கு என்ன ஆகும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு இருக்கும் பெரிய தகராறு இதுதான்.

சரி, மண்ணுக்கு வருவோம். அடியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. கார்பனேட் கரைந்து அமிலத்தைத் தின்றுவிடும், நூற்றாண்டுகளுக்கும் தாங்கும். பிரச்சினை கிரானைட், குவார்ட்ஸ் மணல் போன்ற கடினப் பாறைகளின் மேல் மெல்லிய மண் கிடக்கும் இடங்களில்தான். அங்கே பாறை சிதைந்து கால்சியமும் மக்னீசியமும் வெளிவருவது மிக மெதுவாக. அந்த மண்ணில் களிமண் துகள்களும் மட்கும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, அவற்றின் மேற்பரப்பில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், செடிகள் எடுத்துக்கொள்வதும் அங்கிருந்துதான். அமில மழையோடு ஹைட்ரஜன் அயனி வந்ததும் அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு கால்சியத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். தள்ளப்பட்ட கால்சியம் தனியாகப் போக முடியாது, ஏனென்றால் தண்ணீரில் மின்னூட்டக் கணக்கு எப்போதும் சரியாக இருந்தாக வேண்டும், நேர்மின் அயனி கிளம்பினால் கூடவே ஓர் எதிர்மின் அயனியும் கிளம்ப வேண்டும். அந்தத் துணையாக வருவது சல்பேட், அதாவது கந்தக அமிலத்தின் எதிர்மின் அயனி. புகையோடு வந்த அதே சல்பேட்தான் மண்ணின் கால்சியத்தைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போகிறது.

இந்தக் கட்டத்தில் ஓடையிலும் ஏரியிலும் என்ன பார்ப்பீர்கள்? பி.எச். அப்படியே இருக்கும். தண்ணீரில் கால்சியம் கூடவே செய்யலாம், கடினத்தன்மை முன்பைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும். எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். மண் வெறுமையாகிக்கொண்டிருக்கும்போதே ஏரி 7 காட்டும். உங்கள் ஏரி இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அடியில் நல்ல சுண்ணாம்புப் பாறை இருந்தாலும் இதே 7 வரும். இந்த இரண்டையும் பி.எச். பிரித்துக் காட்டாது என்பதுதான் என் வாதம்.

ஆய்வகத்தில் இதை நேரில் பார்க்கலாம். கடினப் பாறைப் பகுதியின் ஏரித் தண்ணீர் நூறு மில்லி எடுத்து, பி.எச். மின்முனையை உள்ளே விட்டு, ப்யூரெட்டிலிருந்து நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வருவோம். முதலில் 6.9, அப்புறம் 6.8, இன்னும் சில சொட்டுகளுக்குப் பிறகு 6.6 என்று சோம்பேறித்தனமாக இறங்கும். தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் ஒவ்வொரு சொட்டையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக்கொண்டிருக்கிறது. 6ஐத் தாண்டியதும் வேகம் பிடிக்கும், இரண்டு மூன்று சொட்டில் 5.5, 5.0, 4.7 என்று சரிந்துவிடும். அதுவரை விட்ட அதே அளவு சொட்டுதான், தாங்குவதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. எத்தனை சொட்டு தாங்கியது என்பதை வைத்துக் கணக்கிடுவதுதான் காரத்தன்மை. 6.9 காட்டும் இரண்டு ஏரிகளில் ஒன்று ஐம்பது சொட்டு தாங்கும், இன்னொன்று நாலு சொட்டில் விழுந்துவிடும்.

மண்ணின் கால்சியமும் மக்னீசியமும் குறைந்த பிறகு அடுத்த ஆள் அலுமினியம். புவியோட்டில் மிக அதிகமாக இருக்கும் உலோகம் அதுதான், சாதாரணமாகக் கனிமங்களுக்குள் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடக்கும். மண்நீரின் பி.எச். 5க்குக் கீழே போகப் போக அது கரைந்து வெளியே வருகிறது. வேர் நுனிகளைக் கருக்குகிறது, கால்சியம் உள்ளே போவதைத் தடுக்கிறது. தண்ணீருக்கு வந்தால் முதலில் அடிபடுவது மீனின் செவுள். இதில் வேடிக்கை என்னவென்றால், பி.எச். 4.8 இருக்கும் ஓடை 6க்கு மேல் இருக்கும் ஆற்றில் கலக்கும் இடம்தான் சில சமயம் மிக ஆபத்தானது. அமிலத்தில் கரைந்திருந்த அலுமினியம் அங்கே கரைசலில் நிற்க முடியாமல் படியத் தொடங்குகிறது, படிவதற்குக் கிடைக்கும் பரப்பு செவுளின் மெல்லிய இழைகள். மீன் சளியைச் சுரந்து அதைத் தள்ளப் பார்க்கும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் கசிந்து வெளியேறும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், மீன் மூச்சுத் திணறிச் சாகும். தண்ணீர் அடி தெரியும்படி தெளிந்திருக்கும், ஏனென்றால் நிறம் கொடுக்கும் கரிமப் பொருட்களையும் அலுமினியம் கீழே இழுத்துப் படிய வைத்துவிடுகிறது.

இதெல்லாம் உறுதியாகத் தெரிந்ததா என்றால், ஆம், ஆனால் சண்டை போட்டுத்தான் உறுதியானது. ஸ்வீடனைச் சேர்ந்த மண் அறிவியலாளர் ஸ்வான்டே ஓடென் 1967இல் நாளிதழ் கட்டுரை ஒன்றில், தொழில் நகரங்களின் புகை எல்லை தாண்டி வந்து ஸ்காண்டிநேவிய ஏரிகளைக் கெடுக்கிறது என்று எழுதியபோது பலர் ஏற்கவில்லை. நிலப் பயன்பாடு மாறியதால், ஊசியிலை மரங்கள் நட்டதால், இயற்கையாகவே ஏரிகள் அமிலமாகின்றன என்ற எதிர்வாதம் நீண்ட காலம் நடந்தது. அதை உடைத்ததில் வண்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் ஏரி அடியில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும், எந்த வகை எந்த பி.எச்.சில் வாழும் என்பது தெரியும், அடுக்குகளின் வயதும் தெரியும். ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியில் ரவுண்ட் லாக் ஆஃப் க்ளென்ஹெட் என்ற சிறிய ஏரியில் ரிக் பாட்டர்பீ குழுவினர் இதைச் செய்து பார்த்தபோது, பல ஆயிரம் ஆண்டு பெரிய மாற்றமில்லாமல் இருந்த பி.எச். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது தெரிந்தது, அந்த நீர்ப்பிடிப்பில் மரமே நடப்பட்டிருக்கவில்லை. இன்னொரு சான்று கனடாவின் ஒன்டாரியோவில். டேவிட் ஷிண்ட்லர் தலைமையில், ஏரி 223 என்று எண் மட்டும் கொண்ட ஓர் ஏரியில் 1976 முதல் வேண்டுமென்றே கந்தக அமிலம் ஊற்றி, பி.எச்.சை 6.8இலிருந்து 5.0க்கு மெதுவாக இறக்கினார்கள். பெரிய ட்ரவுட் மீன்கள் அமிலத்தால் நேரடியாகச் சாகவில்லை. பி.எச். 6ஐ ஒட்டியபோதே அவை தின்னும் சிறு மீன்களும் இறால் போன்ற உயிரிகளும் காணாமல் போய், ட்ரவுட்டுகள் பட்டினியால் மெலிந்தன. 6 என்பது பாதுகாப்பான எண் என்று அதற்கு முன்பு பேசிக்கொண்டிருந்தார்கள்.

புகை குறைந்தால் எல்லாம் திரும்பிவிடுமா? மழை திரும்பும், அதுவும் வேகமாக. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1980களுக்குப் பிறகு கந்தக வெளியீடு மிகப் பெரிய அளவில் குறைந்தது, மழையின் பி.எச். அதோடு சேர்ந்தே ஏறியது. மண் அப்படி இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963இலிருந்து மழையையும் ஓடையையும் விடாமல் அளக்கிறார்கள். ஜீன் லைக்கன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996இல் சொன்னது, மழை சரியாகி வந்தாலும் ஓடை எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை, காரணம் மண் பல பத்தாண்டுகளாகக் கால்சியத்தை இழந்துவிட்டது என்பது. 1999இல் அங்கே ஒரு நீர்ப்பிடிப்பில் ஹெலிகாப்டர் வைத்து வோலஸ்டோனைட் என்னும் கால்சியம் சிலிக்கேட்டைத் தூவினார்கள். மேப்பிள் மரங்கள் தேறின. ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே இடத்திலிருந்து நைட்ரேட் ஓடைக்குள் கசிவது அதிகமானது, யாரும் அதைக் கணித்திருக்கவில்லை. மண்ணில் எதையாவது போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் நீட்டுவேன். பழைய, நன்கு சிதைந்த செம்மண்ணில் இன்னொரு சிக்கல்: அதில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் சல்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இது நல்லது, ஓடைக்குப் பாதிப்பு பல ஆண்டு தள்ளிப்போகும். பிறகு காற்று சுத்தமானாலும் அந்தச் சல்பேட் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும்.

பி.எச். திரும்பியும் கால்சியம் திரும்பாத ஏரிகளும் உண்டு. கனடாவின் கடினப் பாறை ஏரிகள் பலவற்றில் டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் குறைந்து, கால்சியம் அதிகம் தேவைப்படாத, உடலைச் சுற்றி ஜெல்லிப் போர்வை கொண்ட ஹோலோபீடியம் பெருகியிருக்கிறது. டாஃப்னியாவின் ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும், தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தடுமாறும். இங்கே மீட்டர் எதையும் காட்டாது.

நைட்ரஜனின் நடத்தை சல்பேட்டிலிருந்து வேறுபட்டது. செடிகளும் நுண்ணுயிர்களும் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், அதனால் முதலில் மண் அதை வெளியே விடாது, காடு கொஞ்சம் வேகமாகக்கூட வளரும். தேவைக்கு மேல் போன பிறகுதான் நைட்ரேட் ஓடைக்குக் கசியும், கசியும்போது சல்பேட் செய்த வேலையையே செய்து கால்சியத்தைக் கூட்டிப் போகும். எவ்வளவு வருடத்தில் அந்த நிலை வரும் என்பதில் இன்னும் நல்ல கணிப்பு இல்லை, பக்கத்துப் பக்கத்துக் காடுகளே வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

உலோகங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஈயம் மேல்மண்ணின் மட்கில் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டு அங்கேயே கிடக்கும், பெட்ரோலில் ஈயம் நின்ற பிறகும் சாலையோர மண்ணில் அது இருப்பது அதனால்தான். ஸ்வீடன் ஏரி வண்டலில் ரோமானியர் காலத்து உலோக உலைகளின் ஈயமே அடுக்காகத் தெரிகிறது. பாதரசம் வாயுவாக மாதக்கணக்கில் காற்றில் சுற்றும் என்பதால் உலையே இல்லாத இடத்திலும் விழும். அது மீனில் ஏறுவதற்கு முதலில் மெத்தில் பாதரசமாக மாற வேண்டும், அதை முக்கியமாகச் செய்வது சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள். புகையோடு சல்பேட்டும் வந்து விழுந்தால் இரண்டும் கைகோர்த்துக்கொள்கின்றன.

இனி சந்தேகமான விஷயங்கள். 1980களில் மத்திய ஐரோப்பியக் காடுகள் மொத்தமாக அழியப்போகின்றன என்று பேசினார்கள், அப்படி நடக்கவில்லை. உலைகளின் புகை நேராக வந்து படும் இடங்களில் காடுகள் செத்தது உண்மை, மண்ணில் மக்னீசியம் குறைந்து ஊசியிலைகள் மஞ்சளானதும் உண்மை, ஆனால் வறட்சி, பூச்சி, உறைபனி இவற்றின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம். அடுத்து, வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏரிகள் பழுப்பாகிக்கொண்டே வருகின்றன. சல்பேட் குறைந்ததால் மண்ணின் கரிமப் பொருள் மறுபடி கரைய ஆரம்பித்தது என்பது வலுவான விளக்கம், அதாவது இது கெடுதல் இல்லை, பழைய நிலைக்குத் திரும்புதல். மழை கூடியதும் வெப்பம் ஏறியதும் எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் வாதம் உண்டு. விவசாய நிலத்தைப் பொறுத்தவரை காற்று மாசைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடு குறைவு. சீனாவின் பயிர் நிலங்களில் 1980களுக்கும் 2000களுக்கும் இடையே பி.எச். சுமார் அரை அலகு இறங்கியது, 2010இல் வெளியான ஆய்வின்படி அதற்கு முதல் காரணம் நைட்ரஜன் உரம், அமில மழையின் பங்கு அதன் அருகில் சிறியது. ஐரோப்பாவில் கந்தகப் புகை குறைந்த பிறகு கடுகு வகைப் பயிர்களுக்குக் கந்தக உரம் போட வேண்டி வந்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஏரியைப் பார்க்காமல் அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பி.எச்.சை விட்டுவிட்டுக் காரத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அமிலத்துக்கு எளிதில் மசியும் ஏரி, 2.5க்குக் கீழே இருந்தால் ஒரு கனமழையே அதைத் தற்காலிகமாகக் கவிழ்க்கலாம். 50, 100 என்று வந்தால் அமிலத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, பாசியைப் பெருக வைக்கும் பாஸ்பரஸைப் பற்றி யோசியுங்கள். மீன்தொட்டிக்கு விற்கும், காரத்தன்மையைக் காட்டும் கே.எச். சோதனைத் திரவம் ஒரு சொட்டுக்குச் சுமார் 18 மில்லிகிராம் என்பதால் துல்லியம் போதாது, ஆனாலும் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப அது போதுமான காரணம். மாதிரி எடுக்கும்போது பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூடுங்கள், கால்சியம், சல்பேட், நைட்ரேட் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்று நீண்ட வறண்ட காலத்தின் முடிவிலும், இன்னொன்று பெருமழை பெய்து ஓடைகள் ஓடும்போதும் எடுத்தால் நல்லது. உங்கள் 7 எந்த நேரத்தில் அளந்தது என்றும் பாருங்கள்: பாசி உள்ள ஏரியில் மதிய வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி பி.எச்.சை ஏற்றிவிடும், விடியலில் அளந்தால் எண் கீழே இருக்கும். அயனிகள் குறைந்த தண்ணீரில் மின்முனை நிலைபெறவே பல நிமிடம் ஆகும், முதலில் தெரிந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.